பிளாங்க் சார் கேட்ட வெறும் பாட்டில்

கடவுளே நேரில் வந்து நின்றாலும், “கொஞ்சம் வெளியில நில்லுங்க, நீங்க இல்லாம இந்த ரூம் எப்படி இருக்குன்னு ஒரு தடவை பாத்துடறேன்” என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர் எங்கள் பிளாங்க் சார்தான்.

அடையாறில் நான் ஆராய்ச்சி செய்த நிறுவனத்தில் என்.எம்.ஆர். கருவியை இயக்குபவர் அவர். அந்தக் கருவி ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் ஒரு எஃகு அண்டா. உள்ளே பயங்கரமான காந்தம். நம்முடைய சேர்மத்தைக் கரைத்து, பென்சில் தடிமன்கூட இல்லாத கண்ணாடிக் குழாயில் ஊற்றி உள்ளே இறக்கினால், அதன் மூலக்கூறில் எந்த அணுவுக்குப் பக்கத்தில் எந்த அணு உட்கார்ந்திருக்கிறது என்பதைக் காகிதத்தில் முள் முள்ளாக வரைந்து கொடுத்துவிடும். செடிகளிலிருந்து சேர்மங்களைப் பிரித்தெடுப்பது, அவற்றின் உருவத்தைக் கண்டுபிடிப்பது, பிறகு அதே உருவத்தைச் சோதனைச்சாலையில் நாமே செய்து பார்ப்பது, இதுதான் எங்கள் வேலை. எனவே எங்கள் முப்பது பேருடைய தலையெழுத்தும் அந்த அண்டாவுக்குள் போய்த்தான் வெளியே வர வேண்டும். அதன் வாசலில் பிளாங்க் சார் உட்கார்ந்திருப்பார்.

பிளாங்க் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒரு சோதனையை, முக்கியமான பொருளை மட்டும் போடாமல், மற்றதையெல்லாம் அச்சு அசலாகச் செய்து பார்ப்பது. இலையே போடாமல் இலைச்சாறு எடுப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றும் வரக்கூடாது. எதாவது வந்தால், அது இலையிலிருந்து வந்ததல்ல. பாட்டிலிலிருந்தோ, மூடியிலிருந்தோ, நம் கையிலிருந்தோ வந்தது. எல்லா வேதியியல்காரர்களும் இதை எப்போதாவது செய்வார்கள். இவர் எப்போதும் செய்வார். எல்லாவற்றுக்கும் செய்வார். அவருடைய நிஜப் பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருந்தது. அதை வேறு யாரும் வெளியே எடுத்ததாக எனக்கு நினைவில்லை.

மயிலாப்பூர் மாட வீதியை ஒட்டிய ஒரு மெஸ்ஸில் அவர் தினமும் காலையில் காபி குடிப்பார். முதலில் ஒரு டம்ளர் வெந்நீர். அதை உறிஞ்சி, நாக்கில் நிறுத்தி, கண்ணை மூடி யோசிப்பார். பிறகு அதே டம்ளரில் காபி. “டம்ளருக்கு என்ன ருசின்னு தெரியாம, காபிக்கு என்ன ருசின்னு எப்படிம்மா சொல்றது?” என்பார். மெஸ்காரர் முதலில் சண்டை போட்டார். அப்புறம் பழகிவிட்டார். சார் படியேறும்போதே உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்: “ஒண்ணு வெறும், ஒண்ணு ஸ்ட்ராங்!”

காய்ச்சல் வந்தால் முதல் நாள் மாத்திரை சாப்பிட மாட்டார். மாத்திரை இல்லாமல் காய்ச்சல் என்ன செய்கிறது என்று பார்ப்பார். ஒருமுறை அது தானாகவே போய்விட்டது. நேராக டாக்டரிடம் போய், “நீங்க இல்லாமலே சரியாயிடுச்சு சார்” என்று மகிழ்ச்சியோடு தெரிவித்திருக்கிறார். மந்தைவெளியில் அந்த டாக்டரின் வீடு சாருடைய வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளித்தான். இரண்டு பேரும் இப்போது எதிரெதிர் நடைபாதையில் போகிறார்கள்.

மைத்துனர் வீட்டு விசேஷத்துக்குப் புடவை எடுக்க அவரும் மனைவியும் பாண்டி பஜாருக்குப் போனார்கள். விற்பனையாளர் முதல் புடவையை விரிப்பதற்குள் சார் தடுத்தார். “தம்பி, முதல்ல ஒரு வெள்ளை வேட்டி விரிங்க. இந்த லைட்டுக்கு என்ன கலர்னு பாத்துக்கறேன்.” அந்தக் கடையில் ஆறு விதமான விளக்குகள். சார் நான்காவது விளக்கடியில் வேட்டியோடு குனிந்திருந்தபோது அவர் மனைவி எதிர்க்கடைக்குப் போய், புடவை எடுத்து, ஃபால்ஸ் தைக்கக் கொடுத்து, ஒரு ரோஸ் மில்க்கும் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

வெளியில் இதெல்லாம் சிரிப்பு. உள்ளே யாருக்கும் சிரிப்பு வராது. மூன்று மாதம் கண்விழித்துப் பிரித்த சேர்மத்தை உள்ளங்கையில் பொத்தி எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றால், குழாயைப் பார்க்கவே மாட்டார். நம் இன்னொரு கையைப் பார்ப்பார்.

“பிளாங்க் எங்க?”

எனக்கு மூத்த ஒருவர், தான் கண்டுபிடித்த புதிய சேர்மத்துக்குத் தன் வருங்கால மனைவியின் பெயரை வைப்பதாக முடிவு செய்து, அந்த வீட்டாரிடமும் சொல்லிவிட்டார். பெண் வீட்டில் பெருமை தாங்கவில்லை. பிளாங்க் சார் பிளாங்க் கேட்டார். பிளாங்கில் அதே சேர்மம் வந்தது. அது பிளாஸ்டிக் மூடியை மிருதுவாக்குவதற்காகத் தொழிற்சாலையில் சேர்க்கிற ஒரு சரக்கு. கல்யாணம் மட்டும் நடந்தது.

நான் அப்போது ரொம்பச் சிரித்தேன். ஏனென்றால் எனக்கு அப்படியெல்லாம் நடக்காது. நான் பட்டியல் போடுகிறவள். எங்கள் லேபில் கண்ணாடிப் பாத்திரம் கழுவுவதற்கென்று இருபத்து மூன்று படிகள் கொண்ட ஒரு பட்டியல், என் கையெழுத்தில், தொட்டிக்கு மேலே ஒட்டப்பட்டிருந்தது. இதற்காக எனக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது. அதை இங்கே எழுதுவதாக இல்லை.

என்னுடைய செடி அடும்பு. கடற்கரை மணலில் ஊதாப் பூவோடு படர்ந்து கிடக்குமே, ஆட்டின் குளம்பு மாதிரி இலையோடு, அந்தக் கொடி. முதல் வருடம் நான்கு கிலோ இலையிலிருந்து மூன்று மில்லிகிராம் சேர்மம் பிரித்தேன். மூன்று மில்லிகிராம் என்பது ஒரு சிட்டிகை சர்க்கரையில் நாலைந்து துகள். அதை வைத்துக்கொண்டு அதன் உருவத்தைக் கண்டுபிடித்தோம். இதுவரை யாரும் எழுதாத உருவம். அந்த மூன்று மில்லிகிராமும் சோதனைகளிலேயே தீர்ந்துபோனது. அடுத்த பதினான்கு மாதங்கள், கடையில் கிடைக்கும் சாதாரண இரசாயனங்களிலிருந்து தொடங்கி, பதினோரு படிகளில் அதே மூலக்கூறை நானே செய்தேன். நான் செய்ததும் செடி செய்ததும் முள்ளுக்கு முள் பொருந்தின. அன்று லேபில் எல்லோருக்கும் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தேன்.

எங்கள் வழிகாட்டிப் பேராசிரியை, எல்லோருக்கும் மேடம், ஒன்றே ஒன்று கேட்டார். “செடியில இருந்து இன்னொரு தடவை எடுத்துக் காட்டிடும்மா. ஒரே ஒரு தடவை வந்ததுன்னா கேள்வி கேப்பாங்க.” எடுத்தேன். இந்த முறை எட்டு மில்லிகிராம் வந்தது. மூன்று வந்த இடத்தில் எட்டு! “மழை முடிஞ்ச இலை இல்லையா, அதான்” என்றார் மேடம். அடுத்த திங்கட்கிழமை ஆய்வேட்டுக் குழுவின் கூட்டம். அவர்கள் தலையாட்டினால் நான் ஆய்வேட்டை எழுதி முடித்துவிடலாம். தலையாட்டாவிட்டால் இன்னும் ஒரு வருடமோ இரண்டோ, யாருக்குத் தெரியும். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால், எட்டு மில்லிகிராமையும் எடுத்துக்கொண்டு அண்டா அறைக்குப் போனேன்.

“பிளாங்க் எங்க?”

“முதல் தடவையே பண்ணிட்டோமே சார். ஒண்ணும் வரல. ஃபைல்ல இருக்கு.”

“அது ரெண்டு வருஷத்துக்கு முந்தின பிளாங்க். கெட்டுப்போயிருக்கும்.”

“பிளாங்க் எப்படி சார் கெட்டுப்போகும்? அதுலதான் ஒண்ணுமே இல்லையே!”

“இல்லாமப் போனதுதாம்மா சீக்கிரம் கெட்டுப்போகும்” என்று சொல்லிவிட்டு, அடுத்தவருடைய குழாயை வாங்கப் போய்விட்டார்.

நான் கோபப்படுகிற ஆள் இல்லை. படிகளில் இறங்கும்போது ஒவ்வொரு படியையும் கொஞ்சம் அழுத்தி மிதித்தேன், அவ்வளவுதான். ஏற்கெனவே கழுவி வைத்திருந்த அதே பாத்திரங்கள், அதே கரைப்பான், அதே கருவி. இலை மட்டும் இல்லை. எந்தப் பாத்திரத்திலும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த ஒன்றுமில்லாததைக் கழுவி எடுத்து, குழாயில் ஊற்றி, அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். நான்கு மணிக்கு இன்டர்காம் அடித்தது.

“மேல வாம்மா” என்றார்.

காகிதம் மேசையில் கிடந்தது. நடுவில் உயரமாக ஒரு முள், இரண்டு பக்கமும் குள்ளமாக இரண்டு முள். எனக்கு அந்த மூன்றும் தூக்கத்தில்கூடத் தெரியும். என் சேர்மத்தின் அடையாளம் அது. செடியே இல்லாத சோதனையில், செடியின் சேர்மம்.

நான் நாற்காலியைத் தேடினேன். அவர் தன்னுடையதை நகர்த்தினார்.

அடுத்த இரண்டு மணி நேரம் பட்டியல் போட்டேன். இலையிலிருந்து குழாய் வரை என் சேர்மம் எதையெல்லாம் தொட்டது? முப்பத்தொரு பொருட்கள். கழுவும் பட்டியலோடு ஒப்பிட்டேன். ஒன்று மட்டும் அதில் இல்லை. கரைப்பானைச் சுழற்றிச் சுழற்றி ஆவியாக்கும் கருவியில் கண்ணாடியில் ஒரு குமிழ் உண்டு. உள்ளே இருப்பது பால் மாதிரிப் பொங்கினால் அதைப் பிடித்துக்கொள்வதற்கு. அது கருவியோடு நிரந்தரமாக ஒட்டிக்கொண்டே இருப்பதால், வீட்டுத் தண்ணீர்க் குழாயைத் தேய்க்க யாருக்கும் தோன்றாத மாதிரி, அதைக் கழுவ எனக்குத் தோன்றவில்லை. நான் பதினோராவது படியில் செய்த சேர்மம் ஒருநாள் பொங்கியது. குமிழில் பிடித்ததை வழித்தெடுத்தேன். கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நின்றது. அதுதான் சொட்டுச் சொட்டாக இறங்கி, அடும்பு இலைச் சாற்றில் கலந்து, எட்டு மில்லிகிராம் என்று என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறது. நான் என் கையால் செய்ததையே செடியில் கண்டுபிடித்திருந்தேன். பதினான்கு மாத உழைப்பு இல்லாதவர்களுக்கு இந்தத் தவறைச் செய்யும் தகுதியே கிடையாது.

மேடத்திடம் சொன்னேன். அவர் கெட்டவர் அல்ல. அந்த மாதம் ரொம்பக் களைத்திருந்தார்.

“பிளாங்க்ல வந்தது பிளாங்க்லயே இருக்கட்டும்மா. முதல் தடவை வந்தது நிஜம்தானே? அப்ப நீ அதைச் செய்யவே இல்லையே. திங்கக்கிழமை முடியட்டும். அப்புறம் நிதானமா பாப்போம்.”

அதில் நியாயம் இருந்தது. அதுதான் தொல்லை. வெளியே வந்தேன். பிளாங்க் சார் சைக்கிள் ஸ்டாண்டில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“சார், இதை யார்கிட்டயாவது சொல்லுவீங்களா?”

“நான் எதுக்கும்மா சொல்லணும்?” என்று நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். “நீ சொல்லுவேன்னுல்ல நினைச்சேன்.”

அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஒரு பட்டியல் போட்டேன். செவ்வாய், இலை. வியாழன் வரை ஊறல். வெள்ளி, சனி, பிரித்தல். மாடி லேபில் இருந்த புது ஆவியாக்கும் கருவியில், அன்றன்று உறை கிழித்த புதுக் கண்ணாடியில். ஞாயிறு, அண்டா. திங்கள், குழு. எட்டு மில்லிகிராம் பொய் என்று நானே அவர்களிடம் சொல்லிவிடுவது. இந்த முறை செடியில் வந்தால் பிழைத்தேன். வராவிட்டால், ஒரே ஒரு தடவை, மூன்று மில்லிகிராம், அதுவும் தீர்ந்துபோனது. அதை வைத்து யாரும் எதையும் நம்பத் தேவையில்லை. நானே நம்புவேனா என்று அந்தப் பஸ்ஸில் யோசித்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை நொச்சிக்குப்பத்துக்குத் தெற்கே மணல்மேட்டில் நான் இலை பறித்துக்கொண்டிருந்தபோது, கையில் காலி பாட்டிலோடு பிளாங்க் சார் வந்து சேர்ந்தார். நான் கூப்பிடவில்லை. செடியிலிருந்து பத்தடி தள்ளிக் குந்தி, வெறும் மணலை பாட்டிலில் அள்ள ஆரம்பித்தார். பக்கத்தில் ரோட்டோரத்தில் சங்கரா மீனைக் கூறு கட்டிக்கொண்டிருந்த அம்மா, கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

“இன்னா சார், செடியப் பறிச்சா பொண்ணு பறிக்குது, சரி. நீ இன்னாத்துக்கு வெறும் மண்ண ரொப்பிக்கினு கீறே?”

“செடி இல்லாத எடத்துல என்ன இருக்குன்னு பாக்கணும்மா.”

“செடி இல்லாத எடத்துல செடி இல்ல. இத்த நானே சொல்லுவேன். இதுக்கு ஒரு படிப்பு வேற.”

“அதைத்தாம்மா நானும் எதிர்பாக்கறேன்” என்றார் சார், பணிவாக.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். “நல்ல கொடிதான்மா. தண்ணில சொறி பட்டு எரிஞ்சுதுன்னு வெச்சுக்கோ, இத்தக் கசக்கி வெச்சா அரை அவுருல நின்னுடும்.”

உடம்பில் பட்டால் தீப்பிடித்த மாதிரி எரியும் ஜெல்லி மீனைச் சொல்கிறார். அரை மணி நேரம் என்று நான் குறித்துக்கொண்டேன். சார் நிமிர்ந்தார்.

“வெக்காம விட்டா எவ்ளோ நேரத்துல நிக்கும்மா?”

“இன்னாது?”

“இலை வெக்காம. சும்மா விட்டா.”

அந்த அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டார். “வெக்காம எவன் சார் எரிச்சலோட குந்திக்கினு இருப்பான்? நீ வேணா எறங்கு. தோ, கடல் அங்கதான் கீது. பட்டுக்கினு வா, நான் டைம் பாத்து சொல்றேன்.”

சார் கடலைப் பார்த்தார். நிஜமாகவே யோசிக்கிறார் என்று எனக்குத் தெரிந்ததும், பாட்டிலை மூடி, அவர் கையைப் பிடித்து வண்டியருகே இழுத்துக்கொண்டு போனேன்.

இலையும் மணலும் ஒரே நாளில், ஒரே முறையில், தனித்தனிப் புதுப் பாத்திரங்களில் ஊறின. வெள்ளிக்கிழமைக்குள் என் நகங்கள் தீர்ந்துவிட்டன. சனிக்கிழமை மாலை இரண்டு குழாய்கள் தயார். ஒன்றில் இலையிலிருந்து வந்த, ஒரு மில்லிகிராம்கூட இல்லாத ஏதோ ஒன்று. இன்னொன்றில் மணலிலிருந்து வந்த, ஒன்றுமில்லாத ஏதோ ஒன்று. இவ்வளவு குறைவாக இருந்தால் அண்டா வெகுநேரம் பார்க்க வேண்டும்; குழாய்க்கு நான்கு மணி நேரம்.

ஞாயிற்றுக்கிழமை சார் எட்டு மணிக்கே வந்துவிட்டார். அன்று மனைவியோடு தி.நகர் போவதாக இருந்ததாம். “நான் வரலைன்னதும் அவ முகத்துல ஒரு சந்தோஷம் பாத்தேன்மா” என்றார். முதலில் மணல் குழாயை இறக்கினார். எட்டரையிலிருந்து பன்னிரண்டரை. முடிந்ததும் அதைத் திரையில் பார்க்காமலே சேமித்து வைத்தார். அடுத்தது இலைக் குழாய். ஒன்றேகாலுக்குத் தொடங்கியது. இரண்டரைக்கு அறையில் ஏ.சி. நின்றது.

காந்தத்துக்கு ஏ.சி. தேவையில்லை. அதை இயக்கும் மின்னணுப் பெட்டிகளுக்குத் தேவை. அறை முப்பது டிகிரியைத் தாண்டினால் பெட்டி தானாக அணைந்துவிடும். அணைந்தால், பார்த்ததெல்லாம் போயிற்று. குழாயை மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும். மறுநாள் காலை பத்து மணிக்குக் குழு. சுவரிலிருந்த வெப்பமானி இருபத்தாறு என்றது. சார் ஏ.சி. கடைக்குப் போன் செய்தார். பிறகு பழைய காலண்டர் அட்டையை எடுத்து, பெட்டியின் பின்பக்கம் போய், மின்னணுப் பெட்டிக்கு விசிறத் தொடங்கினார். இருபத்தேழு. நான் இன்னொரு அட்டையை எடுத்தேன். இருபத்தெட்டு. மூன்று வருடப் படிப்புக்குப் பிறகு நான் செய்த மிக முக்கியமான விஞ்ஞானப் பணி அதுதான்.

இருபத்தொன்பதைத் தொட்டபோது மெக்கானிக் வந்தார். பையிலிருந்த ஸ்பேனரோடு நேராக அண்டாவை நோக்கி நடந்தவரை, தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு முன்னால் சார் பாய்ந்து பிடித்தார்.

“இரும்பை வெளியில வெச்சுடு தம்பி! அது இழுத்துக்கும்!”

“இன்னா சார், மிரட்டிக்கினு கீறே? ஏ.சி. வெளியிலதானே கீது, அத்தக் காட்டு!”

கால் மணி நேரத்தில் மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்தார். “கெபாசிட்டர் பூட்ச்சு சார். புச்சு போட்டாச்சு. ஓடிக்கினு கீது.”

“பழைய கெபாசிட்டரை இன்னொரு தடவை மாட்டி, ஓடலைன்னு ஒரு முறை பாத்துட்டா...”

“சார்! அது ஓடலைன்னுதானே நான் ஞாயித்துக்கிழமை பிரியாணிய உட்டுட்டு வந்து கீறேன்!”

அறை குளிர்ந்தது. அது நிலைக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகச் சொல்லி மெக்கானிக்கை நாங்கள் உட்கார வைத்தோம். ஐந்தேகாலுக்கு அண்டா முடித்தது. சார் திரையைப் பார்க்காமல், எதையோ அழுத்தி, மணலின் காகிதத்தையும் இலையின் காகிதத்தையும் முகம் கீழே இருக்கும்படி அச்செடுத்தார். கையில் வைத்துக்கொண்டு நின்றார். திருப்பவில்லை.

“பாருங்க சார்.”

“நான் பாக்கக்கூடாதும்மா.”

“ஏன் சார்?”

செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் மாதிரி இருந்தது அவர் முகம். “எனக்கு இது இருக்கணும்னு ஆசை வந்துடுச்சு. ஆசை வந்தவன் பாத்தா, இல்லாத முள்ளும் தெரியும்.”

“அப்ப நான் பாக்கறேன்.”

“உனக்கு என்னைவிட ஆசை.”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மெக்கானிக்கைப் பார்த்தோம். அவர் எழுந்துவிட்டார். “சார், நான் கையே வெக்கல சார் அந்த அண்டால.”

சார் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டில் ஒரு காகிதத்தின் மூலையை மட்டும் மடித்தார். எது இலை, எது மணல் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவற்றோடு, நான் செய்த சேர்மத்தின் பழைய காகிதத்தையும் மேசையில் வைத்து, அதில் மூன்று முட்களைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டார்.

“தம்பி, இந்த மூணு முள்ளைப் பாரு. நடுவுல உசரம், ரெண்டு பக்கமும் குள்ளம். இதே மாதிரி, இதே எடத்துல, அந்த ரெண்டு பேப்பர்ல எதுலயாவது இருக்கா? இல்லைன்னா இல்லைன்னு சொல்லு. எங்களுக்காகச் சொல்லாதே.”

சொல்லிவிட்டு அவர் கதவைத் திறந்து வெளியே போய்விட்டார். நான் சுவர்ப் பக்கம் திரும்பி, தீயணைப்புக் கருவியில் ஒட்டியிருந்த விதிமுறைகளைப் படித்தேன். முதல் விதி, பதற்றப்படாதீர்கள்.

காகிதம் புரளும் சத்தம். மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொள்ளும் சத்தம். அவருடைய போன் அடித்தது.

“ஆங், வரேம்மா. இரு. இல்ல, ஏ.சி. முடிஞ்சிடுச்சு. இங்க ஒரு சார் படம் காட்டிக்கினு கீறாரு. தெரில. எதோ சீரியஸா கீது. வெச்சுடு.”

நான் விதிமுறைகளை இரண்டாம் முறை முடித்துவிட்டேன். பின்னால் மூச்சு விடும் சத்தம் மட்டும்.

“அண்ணே?”

“இரு தங்கச்சி. அவசரப்படுத்தாதே, இது நம்ம லைன் இல்ல.” பென்சிலை நகர்த்தி அளந்தார் போலிருக்கிறது. “ஒண்ணுல சுத்தமா இல்ல. வெறும் கோடு. இன்னொண்ணுல கீது. சின்னதா, ஆனா கீது. நடுவுல உசரம், ரெண்டு பக்கம் குள்ளம். அதே எடம்.”

“எதுல அண்ணே?”

“மூலை மடிச்சதுல.”

எனக்கு அதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. மடித்தது இலையா மணலா என்று எனக்குத் தெரியாது. மணலாக இருந்தால் எல்லாம் முடிந்தது. புதுக் கண்ணாடியிலும் என் பொய் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். கதவு வரை எட்டடி. நடந்தேன்.

சார் வராந்தாவின் கடைசியில், ஜன்னலுக்கு நேராக, செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தார். செருப்பைக் கையில் பிடித்திருந்தார். எதற்கு என்று அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

“மூலை மடிச்சதுல இருக்காம் சார்.”

அவர் திரும்பவில்லை. “தெளிவா சொன்னானா?”

“சின்னதா இருக்காம். ஆனா அதே எடமாம். இன்னொண்ணு வெறும் கோடாம்.”

“ம்” என்றார். செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கொண்டார்.

“மடிச்சது இலைம்மா” என்றார். “போ. அம்மாவுக்கு போன் பண்ணு.”

“பண்றேன் சார்” என்றேன். ஆனால் உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் அவர் பக்கத்திலேயே நின்றேன். அந்தச் செய்தியை நான் முதலில் சொல்ல வேண்டியவரிடம் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.